சந்தாவில் எழுந்த சமுதாயம்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால்...



அமெரிக்காவில் பிழைக்கப் போன இத்தாலியர்களைப் பற்றியும், அவர்கள் தெருவுக்குத் தெரு அமைத்த சங்கங்களைப் பற்றியும் இன்று உங்களிடம் பேசப்போகிறேன். "ஹஜ்ரத், நமக்கும் இத்தாலிக்காரனுக்கும் என்ன சம்பந்தம்? அவன் சிலுவையைக் கும்பிடுகிறவன் ஆயிற்றே!" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் வருவதற்கு முந்தைய காலம். யமன் நாட்டின் ஸபீத் என்ற ஊரிலிருந்து ஒரு வியாபாரி மக்காவுக்குச் சரக்கு கொண்டு வந்தார். ஆஸ் பின் வாயில் என்ற பெரும்புள்ளி சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை. வெளியூர் வியாபாரிக்கு மக்காவில் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. அவர் மலை மீது ஏறி நின்று நியாயம் கேட்டார். அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவருடைய வீட்டில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். வியாபாரியின் பணம் வசூலித்துக் கொடுக்கப்பட்டது. அந்த ஒப்பந்தத்துக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் என்று பெயர். இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்து, இஸ்லாம் வந்த பிறகும் அப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு அழைத்தால் போவேன் என்ற கருத்தில் சொன்னார்கள்.

அங்கே கூடியவர்கள் முஸ்லிம்களா? இல்லை. ஆனாலும் அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. நல்லது எங்கே இருந்தாலும் பார்த்துக் கற்றுக்கொள்ள நமக்குத் தடையில்லை. அந்த நோக்கத்தோடு கேளுங்கள்.

பதினொரு பிணங்கள்

1880 முதல் 1920 வரை ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் இத்தாலியின் தென்பகுதியையும் சிசிலித் தீவையும் சேர்ந்த ஏழை விவசாயிகள். சொந்த நிலம் இல்லை, படிப்பு இல்லை, ஆங்கிலம் தெரியாது. சாக்கடை தோண்டினார்கள். ரயில் பாதை போட்டார்கள். துணி தைத்தார்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால் சிக்கியும் மாடியிலிருந்து குதித்தும் 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள்.

உழைப்பை வாங்கிக்கொண்ட நாடு அவர்களுக்கு மரியாதை கொடுத்ததா? இத்தாலியன் என்றால் கத்திக்குத்துக்காரன், இத்தாலியன் என்றால் மாஃபியா, இத்தாலியன் என்றால் வெடிகுண்டு வைப்பவன். இப்படித்தான் பத்திரிகைகள் எழுதின. எங்கேயோ கேட்ட குரல் போல் இல்லையா?

1890 அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் போலீஸ் தலைவர் டேவிட் ஹென்னஸி சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டார்கள். 19 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. முதலில் 9 பேர் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரைக் கூட ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14, ஆயிரக்கணக்கானோர் திரண்டு சிறையை உடைத்து 11 இத்தாலியர்களைச் சுட்டும் தூக்கிலிட்டும் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் சிலர் விசாரணைக் கூண்டில் ஏறவே இல்லை. கொன்றவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இத்தாலி அரசு தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்ட பிறகே அமெரிக்கா சுமார் 25 ஆயிரம் டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்த நகரத்தின் மேயர் மன்னிப்புக் கேட்டது 2019ல். 128 ஆண்டுகள் கழித்து!

சகோதரர்களே! நீதி கேட்டு அழுதவர்கள் பலர். ஆனால் அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கம் கூட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாம்பா நகரத்துச் சங்கம்

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் உள்ள மாநிலம் புளோரிடா. அங்கே டாம்பா என்ற துறைமுக நகரம். அதன் ஓரத்தில் விசென்டே மார்ட்டினெஸ் இபோர் என்ற ஸ்பானிய முதலாளி 1880களின் மத்தியில் சுருட்டுத் தொழிற்சாலைகளை நிறுவினார். இபோர் சிட்டி என்று அந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது. கியூபாக்காரர்களும் ஸ்பானியர்களும் சுருட்டு சுற்ற வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சிசிலியிலிருந்து இத்தாலியர்கள் வந்தார்கள். அதிலும் பெரும்பகுதியினர் சாண்டோ ஸ்டெஃபானோ, அலெஸ்ஸாண்ட்ரியா என்று பக்கத்துப் பக்கத்து மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் போய் வேலை தேடிக்கொண்டு தம்பியை அழைப்பார், தம்பி மச்சானை அழைப்பான். சபுராளிக் குடும்பங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

வந்தவர்களுக்குச் சுருட்டுத் தொழில் தெரியாது. தொழிற்சாலையில் கடைசி வேலை அவர்களுக்குத்தான். பெருக்கினார்கள், மூட்டை தூக்கினார்கள், மெல்ல மெல்லத் தொழில் கற்றார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து சுற்றினார்கள். கிடைத்த கூலியில் மிச்சம் பிடித்துப் புறநகரில் துண்டு நிலம் வாங்கி, காய்கறி போட்டார்கள், மாடு வளர்த்தார்கள். தலைச்சுமையாகவும் வண்டியிலும் காய்கறி விற்றார்கள். பிறகு மளிகைக்கடை, மீன்கடை, பால் வியாபாரம். கூலிக்காரன் முதலாளியான கதை இது.

ஆனால் ஒரு கூலிக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? அவன் இறந்தால் யார் அடக்கம் செய்வது? விதவைக்கு யார் அரிசி போடுவது? அரசாங்கம் பார்க்காது. முதலாளி பார்க்க மாட்டான். அதற்காகத்தான் 1894ல் 'லுனியோனே இத்தாலியானா', அதாவது இத்தாலிய ஒன்றியம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பார்டொலோமியோ பிலோகாமோ என்பவர் முதல் தலைவர். தொடங்கியபோது உறுப்பினர்கள் 116 இத்தாலியர்களும் 8 ஸ்பானியர்களும். பக்கத்து வீட்டு ஸ்பானியனுக்கும் இடம் கொடுத்துத்தான் சங்கமே பிறந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

சங்கத்தின் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வோர் உறுப்பினரும் தவறாமல் சிறிய சந்தா கட்ட வேண்டும். கட்டினால் மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, நோயில் படுத்தால் உதவித் தொகை உண்டு, இறந்தால் அடக்கச் செலவு உண்டு. சங்கத்துக்கென்று சொந்த மயானமே வாங்கினார்கள். தர்மம் வாங்குகிறோம் என்று எவனும் தலைகுனிய வேண்டியதில்லை. அவன் கட்டிய சந்தா, அவனுடைய உரிமை. பணக்காரன் கொடுத்து ஏழை வாங்குவது வேறு. எல்லோரும் போட்டு, தேவைப்பட்டவன் எடுப்பது வேறு. இரண்டாவதில் மானம் காப்பாற்றப்படுகிறது.

சங்கம் தொடங்கி 16 ஆண்டுகள் ஆன பிறகும் சோதனை ஓயவில்லை. 1910ல் டாம்பாவில் சுருட்டுத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம். ஒரு தொழிற்சாலைக் கணக்கர் சுடப்பட்டார். சந்தேகத்தின் பேரில் இரண்டு இத்தாலியர்களைப் பிடித்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. செப்டம்பர் 20 அன்று ஒரு கும்பல் அவர்களைப் போலீஸ் காவலிலிருந்து பறித்துச் சென்று மரத்தில் தொங்கவிட்டது. இந்த ஊரை விட்டு ஓடிவிடுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

அவர்கள் ஓடினார்களா? கட்டடம் கட்டினார்கள்! முதலில் கட்டிய கட்டடம் தீக்கிரையானது. உட்கார்ந்து அழவில்லை. மீண்டும் பணம் திரட்டி, 1917-18ல் நகரின் ஏழாவது அவென்யூவில் தூண்களோடு கூடிய மாளிகை ஒன்றை எழுப்பினார்கள். உள்ளே நாடக மேடை, நூலகம், கூட்ட அரங்கம். மதுவும் நடனமும் கூட இருந்தன. அவை நமக்கு ஆகாதவை, விட்டுவிடுங்கள். ஆனால் மூட்டை தூக்கியவர்களின் சந்தாவில் எழுந்த அந்த மாளிகை இன்றும் நிற்கிறது. மரத்தில் தொங்கவிட்டவர்களின் பெயரைச் சொல்ல அங்கே ஆளில்லை.

இன்னொரு செய்தி. இபோர் சிட்டித் தொழிற்சாலைகளில் 'லெக்டர்' என்று ஒருவர் இருப்பார். உயரமான மேடையில் உட்கார்ந்து, கை வேலை செய்துகொண்டிருக்கும் தொழிலாளர்களுக்குப் பத்திரிகையும் நாவலும் உரக்கப் படித்துக் காட்டுவார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் தெரியுமா? முதலாளி அல்ல, தொழிலாளர்கள்! எழுதப் படிக்கத் தெரியாதவன் கூட உலகம் அறிந்தவனாக இருந்தான். 1931ல் முதலாளிகள் லெக்டர்களை ஒழித்துக்கட்டினார்கள். தொழிலாளி விவரம் தெரிந்தவனாக இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தம்பி! உன் கையில் இருக்கும் கைப்பேசியில் உலகத்து நூலகங்கள் அனைத்தும் இருக்கின்றன. நீ அதில் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று உன்னையே கேட்டுப்பார்.

ஊர்ச் சண்டை

இத்தாலியர்களிடம் ஒரு நோய் இருந்தது. என் ஊர், என் ஊர்க்காரன் என்ற நோய். தன் ஊர்த் தேவாலய மணியோசை கேட்கும் தூரம்தான் அவனுக்கு உலகம். அமெரிக்காவுக்கு வந்தும் அந்த ஊருக்கு ஒரு சங்கம், இந்த ஊருக்கு ஒரு சங்கம், இரண்டு ஊருக்கும் ஆகாது. வடக்கத்தியான் தெற்கத்தியானை மதிக்க மாட்டான். நூற்றுக்கணக்கான சங்கங்கள் இருந்தும், சமுதாயம் என்று ஒன்று இல்லை.

இதைப் பார்த்து மனம் வெதும்பியவர் வின்சென்சோ செல்லாரோ என்ற சிசிலி மருத்துவர். 1905 ஜூன் 22 அன்று நியூயார்க்கில் சிலரைக் கூட்டி, 'இத்தாலியின் மைந்தர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர்ச் சங்கங்களை இழுத்து மூடச் சொல்லவில்லை. எல்லா ஊர்க்காரனும் சேரக்கூடிய ஒரு பொது அமைப்பு வேண்டும் என்றார். அது நாடு முழுவதும் கிளை பரப்பியது. மரண உதவி கொடுத்தது, குடியுரிமை பெற வழிகாட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. நூறு ஆண்டுகளைத் தாண்டி இயங்குகிறது.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். மார்க்கத்தின் பெயரால் பிரிந்து, ஊரின் பெயரால் பிரிந்து, மொழியின் பெயரால் பிரிந்து, ஒரே தெருவில் மூன்று கொடிக்கம்பம் நட்டு நிற்கிறோமே, மரத்தில் தொங்கவிட வருபவன் எந்தக் கொடிக்கம்பம் என்று பார்த்தா வருவான்?

காகிதமும் வாக்கும்

1924ல் அமெரிக்கா புதிய குடியேற்றச் சட்டம் கொண்டு வந்தது. அதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 42 ஆயிரம் இத்தாலியர்கள் வரலாம் என்றிருந்தது, 4 ஆயிரத்துக்கும் கீழே குறைக்கப்பட்டது. சட்டத்தில் இத்தாலியனைத் தடுப்போம் என்று ஒரு சொல் கூட இல்லை. 1890ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கை அடிப்படையாக வைப்போம் என்று மட்டும் எழுதினார்கள். 1890ல் இத்தாலியர்கள் குறைவு. அவ்வளவுதான், கதவு மூடியது. பெயர் சொல்லாமலேயே ஒரு சமுதாயத்தைக் கழித்துக்கட்டும் சட்டங்கள் உண்டு என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

சாக்கோ, வான்செட்டி என்று இருவர். ஒருவர் செருப்புத் தொழிலாளி, மற்றவர் மீன் வியாபாரி. கொள்ளை, கொலை வழக்கில் 1920ல் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுடைய அரசியல் கருத்தும் பிறந்த நாடும் சாட்சியத்தைவிடப் பெரிதாகிவிட்டன. இத்தாலியர்களும் தொழிலாளர்களும் பாஸ்டனில் பாதுகாப்புக் குழு அமைத்து, நிதி திரட்டி, ஏழு ஆண்டுகள் வழக்கு நடத்தினார்கள். உலகமே குரல் கொடுத்தது. ஆனாலும் 1927 ஆகஸ்ட் 23 அன்று மின்சார நாற்காலியில் இருவரும் கொல்லப்பட்டார்கள். 50 ஆண்டுகள் கழித்து, 1977ல், அந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் பிரகடனம் வெளியிட்டார். கருத்து எதுவாக இருந்தாலும் ஒருவனுக்கு நியாயமான விசாரணை வேண்டும். தடா காலத்து வழக்குகளைப் பார்த்த நமக்கு இதன் வலி தெரியும்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. குடியுரிமைக் காகிதம் வாங்காத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் ஒரே நாளில் 'பகை நாட்டவர்' ஆனார்கள். கேமரா வைத்திருக்கக் கூடாது, சிற்றலை வானொலி வைத்திருக்கக் கூடாது, படம் ஒட்டிய அட்டையில்லாமல் நடமாடக் கூடாது. கலிபோர்னியாக் கடற்கரையிலிருந்து சுமார் 10 ஆயிரம் பேர் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. நாடே கொண்டாடிய பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவின் தகப்பனார் ஒரு மீனவர். காகிதம் வாங்காத குற்றத்துக்காக, மகனை ஊரே தோளில் தூக்கிய காலத்தில், தான் மீன் பிடித்த துறைமுகத்துக்கே அவர் போகக் கூடாது என்றார்கள்!

1942 அக்டோபர் 12 அன்று இந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஏன் இவ்வளவு சீக்கிரம்? நவம்பரில் தேர்தல். இத்தாலியர்களின் எண்ணிக்கையும் வாக்கு பலமும் முக்கியமான காரணங்கள். இதே போரில் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்து 20 ஆயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் அவர்களுடைய தகப்பன்மார்களுக்குக் குடியுரிமையே சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தது. வாக்கு இல்லை, கேட்க நாதி இல்லை. ஆண்டுக்கணக்கில் முள்வேலிக்குள் கிடந்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொன்னால், கடையில் ஆள் இல்லை என்கிறீர்களே, யோசித்துப் பாருங்கள்!

பள்ளிக்கூடமும் நகராட்சியும்

லியோனார்ட் கொவெல்லோ என்ற ஓர் ஆசிரியர். இத்தாலியில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வந்தவர். கொவியெல்லோ என்ற குடும்பப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் உச்சரிக்க வரவில்லை என்று மாற்றிவிட்டார்கள். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1934ல் கிழக்கு ஹார்லெம் பகுதியில் தொடங்கிய பெஞ்சமின் பிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்பும் பெற்றோரைத் திட்டவில்லை. அவர்களையும் பள்ளிக்கு வரவழைத்தார். மாலை வகுப்பு, குடியுரிமை வகுப்பு, பக்கத்துத் தெருவில் வாடகைக் கடைகளில் படிப்பகம். தாய்மொழியை மறக்கடிக்காமல் ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுத்தார்.

அதே ஆண்டு ஃபியோரெல்லோ லாகார்டியா நியூயார்க் மேயராகப் பொறுப்பேற்றார். தந்தை இத்தாலியர், தாய் யூதர். வந்திறங்கும் ஏழைகளுக்கு எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 12 ஆண்டுகள் மேயராக இருந்தார். வணிகர்களே, இவரைப் பற்றி ஒரு செய்தி உங்களுக்கு. ஆர்டிசோக் என்பது இத்தாலியர்கள் விரும்பிச் சாப்பிடும் ஒரு காய். அந்த வியாபாரத்தை ஒரு ரவுடிக் கூட்டம் கைக்குள் வைத்துக்கொண்டு, இத்தாலிய வியாபாரிகளையே மிரட்டி விலையை ஏற்றியது. ரவுடியும் இத்தாலியன்தான். 1935 டிசம்பரில் அதிகாலையில் மேயர் காய்கறிச் சந்தைக்குப் போய், ஆர்டிசோக் விற்கவே கூடாது என்று தடை போட்டார். சில நாள்களில் ரவுடியின் பிடி தளர்ந்தது, விலை இறங்கியது, தடையும் நீங்கியது. நம்ம ஆள் என்று விட்டுவிடவில்லை. சொந்த இனத்து அயோக்கியனைக் கேட்க முடிந்ததால்தான் பிற இனத்தாரும் அவருக்கு வாக்களித்தார்கள்.

கொடி யார் கையில்?

இங்கேதான் உங்கள் முழுக் கவனமும் வேண்டும்.

இத்தாலிய வியாபாரிகளுக்குக் 'கறுப்புக் கை' என்ற பெயரில் மிரட்டல் கடிதங்கள் வரும். பணம் கொடு, இல்லாவிட்டால் கடையில் குண்டு. எழுதியவனும் இத்தாலியன், வாங்கியவனும் இத்தாலியன். போலீசிடம் போனால் சமுதாயத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர். 1907ல் சிகாகோவில் இத்தாலியர்களே முன்வந்து இதை எதிர்க்க 'வெள்ளைக் கை' என்ற சங்கம் அமைத்தார்கள். நியூயார்க்கில் ஜோசப் பெட்ரோசினோ என்ற இத்தாலியப் போலீஸ் அதிகாரி இந்தக் கும்பலை வேட்டையாடினார். 1909ல் விசாரணைக்காகச் சிசிலி போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். நியூயார்க்கில் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். நம்மைக் கெடுப்பவன் நம்மவன் அல்ல என்று அன்று அந்தச் சமுதாயம் உரக்கச் சொன்னது.

ஆனால் 1970ல் என்ன நடந்தது? ஜோ கொலம்போ என்பவர் நியூயார்க்கின் ஐந்து மாஃபியாக் குடும்பங்களில் ஒன்றின் தலைவர். அவருடைய மகனை எஃப்.பி.ஐ. கைது செய்தது. உடனே கொலம்போவுக்குச் சமுதாயப் பற்று பொங்கி வந்தது. 'இத்தாலிய அமெரிக்கர் குடியுரிமைகள் லீக்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் முன் மறியல். 1970 ஜூன் 29 அன்று கொலம்பஸ் சர்க்கிளில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அப்பாவிகள், காலமெல்லாம் அவமானத்தைச் சுமந்தவர்கள். அவர்களுடைய வேதனை உண்மையானது. அந்த வேதனையை ஒருவன் தன் குற்றத்துக்குத் திரையாக்கிக்கொண்டான். மாஃபியா என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசின் நீதித்துறையும் சினிமாக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். வெற்றி என்று ஆரவாரம். மறு ஆண்டு 1971 ஜூன் 28, அதே இடத்தில், அதே கூட்டத்தில் கொலம்போ சுடப்பட்டார். செயலிழந்து கிடந்து 1978ல் இறந்தார். லீக் கரைந்து போனது.

என்ன மிச்சம்? எந்தப் பழியைத் துடைக்கக் கூடினார்களோ, அந்தப் பழிக்கு அவர்களே மேடை போட்டுக் கொடுத்தார்கள். தம்பி! உன் கோபம் நியாயமானது. ஆனால் உன் கோபத்தை முதலாக்கி வியாபாரம் செய்ய ஆள் வருவான். கட்டப் பஞ்சாயத்து நடத்துபவன் வருவான், வக்ஃபு நிலத்தை விழுங்கியவன் வருவான், சமுதாயக் காவலன் என்று சுவரொட்டி ஒட்டுவான். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: கணக்கு எங்கே? கடனைக் கூட எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

அடிபட்டவன் அடிக்கலாமா?

கடைசியாக, மனம் கனக்கும் ஒரு செய்தி. இத்தாலியர்கள் முன்னேறினார்கள். வெள்ளையர் வரிசையில் இடம் கிடைத்தது. 1989ல் நியூயார்க் புரூக்ளினில் இத்தாலியர் மிகுதியாக வாழ்ந்த பென்சன்ஹர்ஸ்ட் பகுதிக்கு யூசுப் ஹாக்கின்ஸ் என்ற 16 வயதுக் கறுப்பின இளைஞன், பழைய கார் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு நண்பர்களோடு போனான். அந்தப் பகுதி இளைஞர்கள் கூட்டமாக வளைத்துக்கொண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் யூசுப் மடிந்தான். அந்த நாள் ஆகஸ்ட் 23. சாக்கோவும் வான்செட்டியும் கொல்லப்பட்ட அதே ஆகஸ்ட் 23! 62 ஆண்டுகளுக்குள், கும்பலால் கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கும்பலாகி நின்றார்கள்.

ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. 116 பேரோடு 8 ஸ்பானியர்களைச் சேர்த்துச் சங்கம் கண்ட புத்தி, பாட்டன் இறந்ததும் மறந்து போனது. சங்கம் வைத்தால் மட்டும் போதாது, எதற்காகச் சங்கம் வைத்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சகோதரர்களே! கைதட்டிவிட்டுக் கலைந்து போவதற்காக இவ்வளவு நேரம் பேசவில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் செய்யக்கூடிய வேலைகள் இவை:

ஒன்று, சந்தா. பெருநாளைக்குப் பெருநாள் வசூல் அல்ல, மாதாமாதம் எல்லோரும் கட்டும் சந்தா. ரிக்‌ஷாக்காரரும் கட்ட வேண்டும், ஜவுளிக்கடை முதலாளியும் கட்ட வேண்டும். வட்டி கலக்காத நிதி. அதிலிருந்து மருத்துவம், ஜனாஸா செலவு, விதவைக்கு உதவி. வாங்குபவர் வெட்கப்படத் தேவையில்லாத உதவி.

இரண்டு, கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டாத நிர்வாகியைக் கேளுங்கள். கேட்பது ஃபித்னா அல்ல.

மூன்று, காகிதம். வாக்காளர் அட்டை, பிறப்புச் சான்று, பத்திரம் இவற்றைச் சரிபார்க்க வாரம் ஒரு நாள் இரண்டு இளைஞர்கள் உட்காருங்கள். பெண்களின் பெயர்கள் விடுபடாமல் பாருங்கள்.

நான்கு, படிப்பகம். கடை மாடி காலியாக இருந்தால் மாலை நேரத்துக்குக் கொடுங்கள். சட்டம் படிக்கும் ஒரு பிள்ளைக்காவது மஹல்லா செலவு செய்யட்டும்.

ஐந்து, கதவு. பக்கத்துத் தெரு பிற மதச் சகோதரனுக்கு நோய் என்றால் நம் ஆம்புலன்ஸ் போக வேண்டும். அவனுக்கு அநீதி என்றால் நம் குரல் எழ வேண்டும். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பதன் பொருள் அதுதான்.

இத்தாலியர்களின் சங்கங்கள் பல பின்னாளில் மெலிந்தன. 1935ல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1965ல் முதியோர் மருத்துவத் திட்டமும் வந்தபோது அரசே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நெடுஞ்சாலை போட்டும் பழைய வீடுகளை இடித்தும் இபோர் சிட்டியின் பெரும்பகுதியை அரசு அழித்தது, மக்கள் சிதறினார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்தில் 'தி ஹில்' என்ற இத்தாலியர் பகுதியை நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்தபோது, மக்கள் 50 ஆயிரம் டாலர் திரட்டி வாஷிங்டன் வரை போய், குறுக்கே பாலம் கட்டச் செய்தார்கள். அமைப்பாக இருந்த இடம் பிழைத்தது. அந்த வசதிகளெல்லாம் வருவதற்கு முன்பே, எதுவும் இல்லாத காலத்தில், நோயாளியை, விதவையை, அநாதையை ஒரு சிறிய சந்தா காப்பாற்றியது.

வெறும் ஊர்ப் பற்றுக்காக ஒரு கூட்டம் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், மறுமையில் கூலி உண்டு என்று நம்பும் நாம் எவ்வளவு செய்ய வேண்டும்? இந்த மாதச் சந்தாவை யார் எழுதப் போகிறீர்கள்? பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நம்முடைய ஒற்றுமையை அநீதிக்குத் துணையாக்காமல், நீதிக்குத் துணையாக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.